ஜிம்மி விங்க்ஃபீல்ட்: வென்ற ஜாக்கி ஏன் நாட்டை விட்டுப் போனார்?



கட்டுரையில் சான்று காட்டச் சொன்னால் நம் மாணவர்கள் எழுதும் பெயர்கள் உங்களுக்கே தெரியும். எடிசன், ஹெலன் கெல்லர், அப்துல் கலாம், மண்டேலா. தப்பில்லை. ஆனால், தாள் திருத்துகிறவர் ஒரே எடிசனின் பல்ப்பை ஒரே நாளில் எத்தனை தடவைதான் பார்ப்பார்? அதனால் இந்த முறை நம் பாடநூல்களில் வராத ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கா, ரஷ்யா, பிரான்ஸ் என்று பல நாடுகளில் பந்தயக் குதிரை ஓட்டிய ஜிம்மி விங்க்ஃபீல்ட் அவர்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். "உழைப்பால் உயர்ந்தார்" என்ற அச்சில் இவர் வாழ்க்கை உட்காராது. இவர் உழைத்தார், உயர்ந்தார், பிறகு கீழே தள்ளப்பட்டார். அது ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. ஏன் என்று காரணம் காட்டி எழுதினால்தான் இவர் பெயரைக் கட்டுரையில் சேர்ப்பதில் அர்த்தம் இருக்கும்.

குதிரைப் பந்தயம் என்றால் சூதாட்டம் ஆச்சே, இதைப் பள்ளியில் பேசலாமா என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாம் பேசப்போவது வேலிக்கு வெளியே நின்று பணம் கட்டியவர்களைப் பற்றி அல்ல. குதிரை முதுகில் உட்கார்ந்து வேலை செய்த ஒரு தொழிலாளியைப் பற்றி.

முதலில் சில சொற்கள்

ஈப்போ, சுங்கை பீசிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு டர்ஃப் கிளப் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. சிங்கப்பூர் மாணவர்களுக்கு இனி அது வரலாறு. கிராஞ்சி பந்தயத் திடலில் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடி முடிந்துவிட்டது.

பந்தயத்தில் குதிரை மேல் அமர்ந்து ஓட்டுபவர் ஜாக்கி. 'குதிரையோட்டி' என்று எழுதினால் வண்டி ஓட்டுகிறவரும் குதிரையோட்டிதானே என்று சுட்டியான மாணவர் ஒருவர் கேட்பார். 'பந்தயக் குதிரையோட்டி' என்று ஒரு முறை எழுதிவிட்டு, பிறகு ஜாக்கி என்றே தொடரலாம். ஜாக்கி குதிரைக்குச் சொந்தக்காரர் அல்லர். உரிமையாளர் ஒருவர், பயிற்சியாளர் ஒருவர், லாயத்தில் தேய்த்துக் குளிப்பாட்டுகிறவர் வேறொருவர். இந்த வேறுபாட்டை மனத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஓடுகிற குதிரை தரோபிரெட் என்ற இனம். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கிழக்கு நாடுகளிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட ஆண் குதிரைகளை உள்நாட்டுப் பெண் குதிரைகளோடு சேர்த்து உருவாக்கிய இனம் இது. இன்றைய தரோபிரெட் எதை எடுத்தாலும் அதன் தந்தைவழி அப்படி வந்த மூன்று குதிரைகளில் ஒன்றில் போய் நிற்கும். வேகத்துக்கென்றே வளர்க்கப்பட்டது. கால் எலும்போ மெல்லியது. இதையும் மனத்தில் வையுங்கள்.

கென்டக்கி டெர்பி என்பது அமெரிக்காவின் லூயிவில் நகரில், சர்ச்சில் டவுன்ஸ் திடலில் ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் பந்தயம். 1875இல் தொடங்கியது. தூரம் இப்போது ஒன்றே கால் மைல். மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே ஓடலாம். அதாவது, ஒரு குதிரைக்கு வாழ்நாளில் ஒரே ஒரு வாய்ப்பு. ஜாக்கி மட்டும் அடுத்த ஆண்டும் வரலாம், யாராவது கூப்பிட்டால்.

கறுப்பர்களின் தொழிலாக இருந்த காலம்

இன்று கென்டக்கி டெர்பியைத் தொலைக்காட்சியில் பார்க்கிறவர்கள் நம்பச் சிரமப்படும் செய்தி இது. 1875இல் நடந்த முதல் டெர்பியில் குதிரை ஓட்டிய 15 பேரில் 13 பேர் கறுப்பர்கள். வென்ற குதிரை அரிஸ்டைடிஸ். ஓட்டியவர் ஆலிவர் லூயிஸ், பயிற்சி கொடுத்தவர் அடிமையாகப் பிறந்த ஏன்சல் வில்லியம்சன். இருவருமே கறுப்பர்கள்.

இதற்குக் காரணம் அடிமை முறை. உள்நாட்டுப் போருக்கு முன்பு தென் மாநிலங்களில் குதிரையைப் பராமரிப்பது, பழக்குவது, பந்தயத்தில் ஓட்டுவது எல்லாம் அடிமைகளின் வேலை. 1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தபோது அந்தத் தொழிலறிவு முழுவதும் அவர்கள் கையில் இருந்தது. அதனால், அடுத்த முப்பது ஆண்டுகள் அவர்களே இந்தத் துறையின் நட்சத்திரங்கள். ஐசக் மர்ஃபி என்பவர் 1884, 1890, 1891 ஆகிய மூன்று டெர்பிகளை வென்றார். 1875 முதல் 1902 வரை நடந்த 28 டெர்பிகளில் 15ஐ வென்றவர்கள் கறுப்பு ஜாக்கிகள்.

அந்த 15இல் கடைசி இரண்டும் விங்க்ஃபீல்ட் வென்றவை.

அவர் பிறந்தது 1882இல், கென்டக்கியின் லெக்சிங்டனுக்குப் பக்கத்தில் சில்ஸ்பர்க் என்ற சிற்றூரில். அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்த குடும்பம். 17 பிள்ளைகளில் கடைக்குட்டி. சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்தார். லாயத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஓட்டக் கற்றார். 1898இல் சிகாகோ பக்கம் முதல் பந்தயம். வெறியோடு குறுக்கே பாய்ந்து உள்பக்கம் போக முயன்றதில் நான்கு குதிரைகள் முட்டி மோதிக்கொண்டன. ஓராண்டுத் தடை விழுந்தது. முதல் நாளே ஓராண்டு லீவு!

தடை முடிந்து வந்தவர் 1900இல் டெர்பியில் மூன்றாவது வந்தார். 1901இல் ஹிஸ் எமினென்ஸ் என்ற குதிரையில் வென்றார். அப்போது அவருக்கு வயது 19.

1902: தலை வேலை

ஜாக்கி என்றால் சும்மா மேலே உட்கார்ந்திருப்பவர், ஓடுவது குதிரைதானே என்று நினைக்கிறவர்களுக்கு 1902ஆம் ஆண்டு டெர்பியைச் சொல்லிக் காட்டுங்கள்.

தாமஸ் மெக்டவல் என்ற உரிமையாளர் அந்த ஆண்டு இரண்டு குதிரைகளை இறக்கினார். ஒன்று ஆலன்-அ-டேல், இன்னொன்று த ரைவல். எதை ஓட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் முதல் உரிமை நாஷ் டர்னர் என்ற பெயர்பெற்ற வெள்ளை ஜாக்கிக்கு. மிஞ்சுவது விங்க்ஃபீல்டுக்கு. ஆனால், பயிற்சியின்போது இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர் விங்க்ஃபீல்ட். ஆலன்-அ-டேல்தான் வேகமான குதிரை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. என்ன செய்தார் தெரியுமா? பயிற்சி ஓட்டத்தில் அதன் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தே ஓட்டினார். பார்த்தவர்களுக்கு அது சாதாரணக் குதிரை போலத் தெரிந்தது. டர்னர் வந்து த ரைவலைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்.

இது ஏமாற்று வேலை இல்லையா என்று வகுப்பில் ஒரு கை கட்டாயம் உயரும். உயரட்டும், நல்ல விவாதம். தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லாதவருக்கு வேறு என்ன வழி இருந்தது என்று எதிர்க்கேள்வி போடுங்கள். என் கருத்தைக் கேட்டால், வரிசையில் இரண்டாவதாக நிறுத்தப்பட்டவர் தம் அறிவைத் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

பந்தய நாளில் ஓடியவை நான்கே குதிரைகள். விங்க்ஃபீல்ட் முன்னால் போய்விட்டார். ஆனால், கடைசிப் பகுதியில் ஆலன்-அ-டேலின் கால் நொண்ட ஆரம்பித்தது. பின்னால் மூன்று குதிரைகள் நெருங்கி வருகின்றன. மற்றக் குதிரை என்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும். விங்க்ஃபீல்டுக்கு அந்தத் திடல் அத்துப்படி. எங்கே மண் இறுக்கம், எங்கே மணல் ஆழம் என்று தெரியும். நெருங்கி வந்தவர்களை ஆழமான மணல் பக்கம் போகும்படி ஒதுக்கிவிட்டு, தாம் இறுகிய தரையில் நொண்டுகிற குதிரையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டினார். வித்தியாசம் ஒரு மூக்கு நீளம்.

தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் டெர்பி வென்றவர் அதுவரை ஐசக் மர்ஃபி ஒருவர்தான். இவர் இரண்டாமவர்.

1903இல் மூன்றாவதையும் வென்றிருக்க வேண்டியவர். எர்லி என்ற குதிரை, எல்லாரும் எதிர்பார்த்த குதிரை. கொஞ்சம் சீக்கிரமாகவே வேகத்தை அவிழ்த்துவிட்டார். கடைசியில் ஜட்ஜ் ஹைம்ஸ் என்ற குதிரை வந்து முந்திவிட்டது. நான்கு டெர்பிகள்: மூன்றாமிடம், முதலிடம், முதலிடம், இரண்டாமிடம். ஐந்தாவது டெர்பி அவருக்குக் கிடைக்கவே இல்லை.

கதவு எப்படி மூடியது

மாணவர்களே, காரண-விளைவு எழுதக் கற்கிறவர்கள் இந்தப் பகுதியைக் கவனியுங்கள். "இனவெறியால் பாதிக்கப்பட்டார்" என்று ஒரே வரியில் எழுதினால் வாசகருக்கு ஒன்றும் புரியாது. இனவெறி எந்த வழியாக வேலை செய்தது என்று காட்ட வேண்டும்.

பந்தயங்களில் பரிசுத்தொகை பெருகியது. ஜாக்கிக்கு நல்ல கூலி கிடைத்தது. கேவலமான லாயத்து வேலை என்று ஒதுக்கப்பட்டது பணமும் புகழும் தரும் தொழிலாக மாறியபோது வெள்ளை ஜாக்கிகளும் அதைத் தேடி வந்தார்கள். அதே காலத்தில்தான் தென் மாநிலங்களில் இரயில், பள்ளி, உணவகம் என்று எல்லாவற்றிலும் இனத்தைப் பிரிக்கும் சட்டங்கள் வந்தன. 'பிரிந்திருந்தாலும் சமம்' என்று சொல்லி 1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அதற்கு ஒப்புதல் கொடுத்தது.

திடலுக்குள் நடந்தது இன்னும் நேரடி. வெள்ளை ஜாக்கிகள் சேர்ந்துகொண்டு கறுப்பு ஜாக்கியின் குதிரையை நடுவில் வைத்துப் பூட்டினார்கள், வேலியில் கொண்டுபோய் இடித்தார்கள், சவுக்கால் அடித்தார்கள். நடுவர்கள் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்கள். குதிரை உரிமையாளர் என்ன நினைப்பார்? விலையுயர்ந்த குதிரை, மெல்லிய கால். இந்த ஜாக்கியைப் போட்டால் என் குதிரை அடிபடும் என்று கணக்குப் போட்டார். தனிப்பட்ட முறையில் அவருக்கு வெறுப்பே இல்லாவிட்டாலும் முடிவு ஒன்றுதான்: வேலை கிடையாது. எந்தச் சட்டமும் கறுப்பர் குதிரை ஓட்டக்கூடாது என்று சொல்லவில்லை. கூப்பிடுவது நின்றுபோனது. அவ்வளவே.

விங்க்ஃபீல்டின் விஷயத்தில் அவருடைய சொந்தச் செயலும் சேர்ந்துகொண்டது, அதை மறைக்க வேண்டாம். 1903இல் நியூயார்க்கில் நடந்த ஃபியூச்சுரிட்டி பந்தயத்துக்கு ஜான் மேடன் என்ற செல்வாக்குள்ள உரிமையாளருக்கு ஓட்டுவதாக ஒப்புக்கொண்டிருந்தார். பிறகு வேறொருவர் 3,000 டாலர் கொடுக்கவும் அந்தப் பக்கம் மாறிவிட்டார். மேடனுக்குக் கோபம் வந்தது. இனி அமெரிக்காவில் உனக்கு வேலை இருக்காது என்ற பொருளில் மிரட்டினார். சொன்னபடியே அழைப்புகள் குறைந்தன. வாக்குத் தவறியது தவறுதான். ஆனால், தவறு செய்த வெள்ளை ஜாக்கிக்கு அடுத்த ஊரில் வேலை கிடைத்தது, இவருக்கு அடுத்த நாட்டில்தான் கிடைத்தது.

ரஷ்யா, பிறகு நெடும்பயணம்

1904இல் ரஷ்யாவுக்குக் கப்பல் ஏறினார். லாசரேவ் என்ற செல்வந்தரின் குதிரைகளை ஓட்டி, போன முதல் பருவத்திலேயே அந்த நாட்டின் முதல்நிலை ஜாக்கி ஆனார். ரஷ்ய டெர்பி நான்கு தடவை, பெண் குதிரைகளுக்கான ரஷ்ய ஓக்ஸ் ஐந்து தடவை, ஜார் மன்னர் பெயரிலான பரிசு மூன்று தடவை, வார்சா டெர்பி இரண்டு தடவை. ஜெர்மனியிலும் போய் பாடன் பெரும் பரிசை வென்றார். பின்னர் லியோன் மந்தாஷேவ் என்ற ஆர்மீனிய எண்ணெய்ச் செல்வந்தருக்கு ஓட்டினார். மாஸ்கோவின் நேஷனல் ஹோட்டலில் அறை, உடுத்திவிட ஓர் ஆள், காலை உணவில் கவியார். ரஷ்ய மொழி பேசினார். கென்டக்கியில் வாரப் பயிர் வைத்தவரின் மகன் இவர்!

ரஷ்யாவில் இன வேறுபாடே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். அங்கே யூதர்கள் பட்ட பாடு வேறு கதை. விங்க்ஃபீல்டின் நிறம் அங்கே எந்த வெள்ளை ஜாக்கியின் பிழைப்புக்கும் போட்டியாகத் தெரியவில்லை என்று எழுதுவது பொருத்தமாக இருக்கும்.

1917இல் புரட்சி. பணக்காரர்களின் விளையாட்டுக்கு மாஸ்கோவில் இடமில்லை. பந்தயக் குதிரைகளும் அவற்றை நம்பி வாழ்ந்தவர்களும் கருங்கடல் கரையில் உள்ள ஒடெசாவுக்கு ஒதுங்கினார்கள். 1919இல் செம்படை அங்கேயும் நெருங்கியது. விங்க்ஃபீல்டும் போலந்துக்காரர்கள் சிலரும் சேர்ந்து 250க்கும் மேற்பட்ட பந்தயக் குதிரைகளை ஓட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ருமேனியா, மலைப்பகுதிகள், கடைசியில் வார்சா. ஏறக்குறைய 1,100 மைல்.

நாம் மேலே படித்ததை இங்கே பொருத்திப் பாருங்க. இவை சுமை தூக்கும் குதிரைகள் அல்ல. மெல்லிய கால், நல்ல தீவனம், துடைத்த லாயம் என்று வளர்ந்தவை. அவற்றைப் போர் நடக்கும் நாட்டில், மலைப்பாதையில், பசியோடு நடத்திக் கொண்டுபோக வேண்டும். வழியில் உணவு தீர்ந்தபோது சில குதிரைகளையே கொன்று சாப்பிட வேண்டி வந்தது. குதிரையை நேசித்து வாழ்ந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்கப்போவதில்லை. இருந்தாலும் பெரும்பாலான குதிரைகள் உயிரோடு வார்சா சேர்ந்தன.

அங்கிருந்து பிரான்ஸ். அங்கே மறுபடியும் மந்தாஷேவின் குதிரைகள், மறுபடியும் வெற்றிகள். 1930இல், 48ஆம் வயதில் ஓட்டுவதை நிறுத்தினார். வாழ்நாள் வெற்றிகள் 2,600க்கு மேல் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பாரிசுக்கு அருகே மெசோன்-லஃபீத் என்ற ஊரில் சொந்த லாயம் வைத்துப் பயிற்சியாளர் ஆனார்.

1940இல் ஜெர்மன் படை பிரான்ஸைப் பிடித்தது. லாயம் அவர்கள் கைக்குப் போனது. 1941இல் அமெரிக்கா திரும்பினார். ஐரோப்பாவின் பெரும் பந்தயங்களை வென்ற மனிதர், ஏறக்குறைய அறுபது வயதில், நியூயார்க்கில் சாலை போடும் கும்பலில் தரையைத் துளைக்கும் இயந்திரம் பிடித்து வேலை செய்தார். பிறகு தென் கரோலினாவில் ஒரு லாயத்தில் குதிரை தேய்க்கும் வேலை. பதினாறு வயதில் விட்டுவந்த இடத்துக்கே திரும்பி வந்துவிட்டார். கையில் பணம் சேர்ந்ததும் 1953இல் மீண்டும் பிரான்ஸ் போய், அதே ஊரில் அதே தொழிலை எடுத்து நடத்தினார்.

1961இல் ஒரு வாசற்கதவு

1961இல் அமெரிக்காவின் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ் அவரைப் பற்றி எழுதியது. டெர்பியை ஒட்டி லூயிவில்லில் பிரவுன் ஹோட்டலில் நடந்த விருந்துக்கும் அழைத்தது. வயது 79. மகள் லிலியனோடு போனார். கறுப்பர்கள் முன்வாசல் வழியாக வரக்கூடாது என்று வாசலில் நிறுத்திவிட்டார்கள். அழைக்கப்பட்ட விருந்தினர் என்று விளக்கிச் சொல்லி, காத்திருந்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். உள்ளே போனாலும் பெரும்பாலானவர்கள் அவரோடு பேசவில்லை. வந்து பேசியவர் ராஸ்கோ கூஸ், 1913இல் டெர்பி வென்ற முன்னாள் வெள்ளை ஜாக்கி. தொழிலாளிக்குத் தொழிலாளி தெரிந்திருந்தது.

விங்க்ஃபீல்ட் 1974இல் பிரான்சில் காலமானார். அமெரிக்காவின் தேசியப் பந்தய அருங்காட்சியகம் அவரைச் சாதனையாளர் வரிசையில் சேர்த்தது 2004இல், முப்பது ஆண்டுகள் கழித்து. கென்டக்கி டெர்பியில் 1921இல் ஹென்றி கிங் ஓட்டியதற்குப் பிறகு, அடுத்த ஆப்பிரிக்க அமெரிக்க ஜாக்கி ஓட்டியது 2000இல், மார்லன் செயின்ட் ஜூலியன். 1902க்குப் பிறகு அவர்களில் ஒருவரும் வெல்லவில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. முழு வாழ்க்கையையும் கொடுத்துச் சுருக்கி எழுதச் சொன்னால் மாணவர்கள் ஆண்டுகளை மட்டும் வரிசையாக அடுக்கிக் கொடுத்துவிடுவார்கள். அதைவிட 1902 பந்தயத்தை அல்லது 1961 விருந்தை மட்டும் கொடுங்கள். முதலாவதில் 'அவர் செய்தது சரியா' என்று வாதம் எழுதலாம். இரண்டாவதை, வாசலில் நின்ற மகள் லிலியனின் பார்வையில் ஒன்றரைப் பக்கம் எழுதச் சொல்லலாம். படிவம் மூன்று மாணவர்களுக்கு ரஷ்யப் பகுதி கனமாக இருக்கும், அதை விட்டுவிடுங்கள். பெயர்கள் நாக்கில் நிற்க மாட்டேன் என்கின்றன என்று மாணவர்கள் புலம்பினால் விங்க்ஃபீல்ட், ஐசக் மர்ஃபி, ஆலன்-அ-டேல் ஆகிய மூன்று பெயர்கள் போதும். மற்றவற்றை 'ஓர் உரிமையாளர்', 'இன்னொரு ஜாக்கி' என்று எழுதினால் புள்ளி குறையாது.